அடி அடையாத வேலி

பாவாயம்மாவின் மடத்தில் சீடர்கள் மொத்தம் ஒருவர். அந்த ஒருவருக்கும் குருவைவிட ஐந்து வயது கூட.

சீடர் பெயர் சென்னியப்பன். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணா’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பம் எதுவும் இல்லை.

மடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். வாய்க்கால் கரையோரம் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு பசுக்கொட்டாய், அரை ஏக்கர் தோட்டம். அவ்வளவுதான். மடத்துக்கு வருவதற்கு முன் பாவாயம்மா பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். உபதேசம் செய்கிற பழக்கம் அவருக்கு வரவில்லை. எதையும் ஒரு தடவை சொல்வார். கேட்டால் கேட்கட்டும், விட்டால் விடட்டும் என்று போய்விடுவார்.

சென்னியப்பன் மடத்துக்கு வந்த காரணம் ஊருக்கே தெரியும். பதினோரு வயது மகனுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். முதுகில் மிதப்புக்குச் சுரைக்குடுக்கை கட்டி, தினமும் காலையில். அவர்கள் வீட்டில் ஏழு நாள் குடுக்கை கட்டுவது வழக்கம். ஆறாம் நாளே பையன் நன்றாகக் கைவீசினான். “அவுத்து உடுங்கப்பா, அவுத்து உடுங்கப்பா” என்று படியில் நின்று குதித்தான். அவர் அவிழ்த்துவிட்டார். பாதிக் கிணறு போனவன் பிறகு மேலே வரவில்லை. அவர் மூழ்கித் தேடி எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மனைவி துளசிமணி அவரை ஒரு சொல் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஒரே வீட்டில் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர் வாசலுக்குப் போனார்கள். மூன்று மாதம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் அவர் ஒரு வேட்டியும் துண்டுமாக மடத்துக்கு வந்துவிட்டார்.

வந்த ஆறாவது மாதம் துளசிமணிக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே தடம்தான். அது மடத்துத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. துளசிமணி காலையில் ஒரு தடவை போவார், சாயந்திரம் ஒரு தடவை திரும்புவார். அந்த இரண்டு வேளையும் சென்னியப்பன் பசுக்கொட்டாய்க்குள் போய் நின்றுகொள்வார். கறக்கவும் இல்லை, தீனி வைக்கவும் இல்லை, இவர் எதற்கு வந்து நிற்கிறார் என்று மாடுகள் இரண்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் அவர் குருவிடம் கேட்டார்.

“அம்மா, தடத்தோரமா ஒரு வேலி வெச்சா என்னுங்க?”

“எதுக்குங் அண்ணா?”

“தியானத்துக்கு ஒரு மறைவா இருக்கும்ங்க.”

“தியானம் கண்ண மூடிட்டுத்தான பண்றது? அதுக்கு மேல என்ன மறைவு?”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

“இல்லீங்க, ஆடு மாடு உள்ள வருதுங்க.”

“நம்ம மாடு ரெண்டும் உள்ளதான் இருக்குது.”

அம்மா மேலே கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்த விஷயம்தானே.

“சரி, வைங்க. முள்ளுக்கம்பி வேண்டாம். மருதாணி வைங்க.”

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சென்னியப்பன் வேலையைத் தொடங்கினார். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு, விரல் தடிமனில் சாண் நீளத்துக்குக் குச்சிகள் வெட்டி வந்தார். தடத்தின் நீளத்துக்கும் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, சாணியும் மட்கிய இலையும் போட்டு மூடினார். இரண்டு வரிசை. முதல் வரிசையில் இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே இரண்டாம் வரிசைக் குச்சி. நட்டு முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். தரையில் குச்சி குத்தியது போலத்தான் இருந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு ஒரு தெம்பு வந்தது.

அம்மா வந்து பார்த்தார்.

“முழங்கால் ஒசரம் வந்ததும் பாதிக்கு வெட்டிடுங்க. இடுப்பு ஒசரம் வந்ததும் மறுபடியும் ஒரு வெட்டு. மேல வெட்டினாத்தான் அடியில கிளைக்கும்.”

“சரிங்க.”

குச்சிகள் பழுதில்லாமல் துளிர்த்தன. சித்திரை வாக்கில் முழங்கால் உயரம் வந்தன. சென்னியப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வரிசை முன்னால் உட்கார்ந்தார். முதல் செடியின் தலையைப் பிடித்தார். பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் தண்ணீர் சுமந்து கிடைத்த உயரம் அது. அதில் பாதியை வெட்டுவதென்றால் இன்னும் ஆறு மாதம் பசுக்கொட்டாய். அரிவாளைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே செருகிவிட்டார்.

அம்மா அரிவாளையும் பார்த்தார், வேலியையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஒரு தடவை சொல்லியாகிவிட்டதே.

அதற்குப் பிறகு சென்னியப்பன் அந்தச் செடிகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். வாய்க்காலிலிருந்து ஒருவேளைக்கு இரண்டுவேளை தண்ணீர். வாரம் ஒருமுறை சாணிக் கரைசல். ஆடி நோம்பிக்கு ஊர்ப் பெண்பிள்ளைகள் மருதாணி பறிக்க வந்தபோது அவர் வாசலிலேயே மறித்து, ஆளுக்கு ஒரு பிடி தாமே உருவிக் கொடுத்தார். அதையும் உச்சியில் உருவாமல் பக்கத்தில், ஒரு செடிக்கு நாலு இலையாக.

“கோயில் பிரசாதம்கூட இதவிடத் தாராளமாக் குடுப்பாங்க” என்று ஒரு பெண் முனகிக்கொண்டு போனாள்.

இரண்டாம் வருடம் முடியும்போது வேலி ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் காலை துளசிமணி வருகிற நேரத்தில் சென்னியப்பன் பசுக்கொட்டாய்க்குப் போகவில்லை. தோட்டத்து நடுவில் நிமிர்ந்து நின்றார். தடத்தில் செருப்புச் சத்தம் வந்தது, கடந்தது, போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று அவர் இரண்டு உருண்டை களி கூடச் சாப்பிட்டார்.

ஆனி மாதத்தில் ஒருநாள் வேலியோரம் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் வந்தது. நேரே எதிரில் வந்ததும் நின்றுவிட்டது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

மேலே அடர்ந்திருந்த வேலி அடியில் மொட்டையாக இருந்தது. தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்துக்கு வெறும் குச்சிகள்தான். குச்சிகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதங்கள் தெரிந்தன. இடது பாதம் சற்றே உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தத் திருப்பலை அவருக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். விரல்களில் மெட்டி இருந்தது. அவர் போட்ட மெட்டி.

நூறு எண்ணுகிற நேரம் பாதங்கள் அங்கேயே நின்றன. பிறகு போய்விட்டன.

அவர் கையில் பிடுங்கிய கோரைப்புல்லோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளும் பாதங்கள் வந்து நின்றன. அதற்கு மறுநாளும் வந்தன. பள்ளிக்கூடம் இல்லாத சனி ஞாயிறு தவிர ஒரு நாள் தவறவில்லை. சென்னியப்பனும் தவறாமல் அதே இடத்தில் களை எடுக்க உட்கார்ந்தார். நாலே நாளில் அங்கே களை தீர்ந்துவிட்டது. பிறகு வெறும் மண்ணைக் கிளறினார். கிளறிக் கிளறி அந்த ஓர் இடத்தில் மட்டும் மண் மாவாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து அவர் அம்மாவிடம் வந்தார். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

“வேலி அடியில அடையலீங்க அம்மா.”

“ம்.”

“அவ வந்து நிக்கறாளுங்க. தினமும் நிக்கறா. எனக்கு அவ காலு தெரியுது. அவளுக்கு என் கை தெரியும்ங்க. இந்தக் கையத்தான் பாத்துட்டு நிக்கறா. இந்தக் கைதானுங்களே அவுத்தது.”

கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார்.

“நின்னு மனசுக்குள்ள என்ன சொல்றாளோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குதுங்க. அடிய அடைக்க ஒரு வழி சொல்லுங்க.”

மறுநாள் காலை அம்மா தாமே வந்து அந்த இடத்தில் மண்டி போட்டார். சென்னியப்பன் பக்கத்தில் குந்தினார். பாதங்கள் வந்தன, நின்றன, போயின. அம்மா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“இத்தனை நாளா என்ன பாத்தீங்க?”

“மெட்டி போட்டிருக்கறாளுங்க. நிக்கறாளுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னுங்க இருக்குது?”

அம்மா வேலியைத் தடவிப் பார்த்தார்.

“அடி அடையணும்னா ஒரே வழிதான். முழங்காலுக்குக் கீழ வெச்சு மொத்தத்தையும் வெட்டணும். இப்ப வெட்டினா ஐப்பசி மழைக்கு அடியில இருந்து துளுக்கும். ரெண்டு மழை போனா கோழிக்குஞ்சுகூட எட்டிப் பாக்க முடியாது.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் எல்லாம் வெட்டவெளிதான்.”

“வேற வழி?”

“இப்படியே உட்டுடலாம். மூஞ்சி தெரியாது, காலு தெரியும்.”

“நீங்களே சொல்லுங்கம்மா, எது நல்லது?”

“வேலி யாருக்குங் அண்ணா?”

சென்னியப்பன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வந்து சொன்னார். “வெட்டிடறனுங்க. ரெண்டு மழை தான? பசுக்கொட்டாயில நின்னுக்கறேன். அப்புறம் ஆயுசுக்கும் தொந்தரவில்லை.”

“வெட்டுங்க” என்றார் அம்மா. அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டினார். சாயந்திரம் பார்த்தால் தடம் அப்படியே தோட்டத்துக்குள் வந்துவிட்டது போல இருந்தது. வாய்க்காலும், அதற்கப்பால் பள்ளிக்கூடத்துக் கூரையும் தெரிந்தன. இவ்வளவு கிட்டேயா பள்ளிக்கூடம் இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

திங்கட்கிழமை காலை பசுக்கொட்டாய்த் தட்டியின் ஓட்டை வழியே பார்த்தார். துளசிமணி வந்தார். நாலு வருடத்தில் முன்தலை நரைத்திருந்தது. வெட்டிக் கிடந்த வேலியைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. நடையில் வேகம்தான் கூடியது. அந்த வாரம் முழுக்க நிற்கவே இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

சென்னியப்பன் கேட்டது இதைத்தான். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோறு இறங்கவில்லை. ஒருநாள் கறந்த பாலைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றிவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். அவருக்குத் துளசிமணியின் கால்கள் வேண்டியிருந்தன. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்தார்.

ஒரு மாதம் போனது. மழை பெய்து, வெட்டுண்ட கட்டைகளின் அடியில் பச்சை துளிர்த்திருந்தது. அம்மா பயறு புடைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“வேலி இருந்தப்ப நின்னாளுங்க. இப்ப நிக்க மாட்டேங்கறா.”

“அப்ப அவங்க மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“இல்லீங்க.”

“இப்ப?”

“இப்ப நின்னாத் தெரியும்.”

“அவங்களுக்கும் ஒரு மறைவு வேண்டியிருந்திருக்குது. நீங்க பாட்டுக்கு வெட்டிட்டீங்க.”

முறம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சென்னியப்பன் நாலு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

“அம்மா, அவ என்னை மன்னிப்பாளுங்களா?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“மூணு மாசம் அந்தக் காலப் பாத்தீங்க. நான் ஒரு நாள் பாத்தேன். ரெண்டு குதிகாலும் வெடிச்சு ரத்தம் கட்டியிருக்குது. நாள் முழுக்க ஈரத்துல நின்னு சமைக்கறவங்களுக்கு வர்றது. நடக்கறதே கஷ்டம். நீங்க பாக்கலியா?”

“இல்லீங்க. நிக்கறாளா, போறாளான்னு மட்டும்தான் பாத்தேன்.”

“மன்னிப்பாங்களான்னு எனக்குத் தெரியாதுங் அண்ணா. வெடிப்புக்கு மருதாணி கேக்கும். அது தெரியும்.”

அம்மா முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் சென்னியப்பன் வேலிக்குப் போனார். அடியிலிருந்து வந்திருந்த இளந்துளிர்களைப் பறித்தார். இந்த முறை அளந்து பறிக்கவில்லை. மடி நிறையப் பறித்தார். துளி மஞ்சள் சேர்த்து அம்மியில் வெண்ணெயாக அரைத்து ஒரு கொட்டாங்குச்சியில் வழித்துக்கொண்டார். பசுக்கொட்டாய்க்குப் போகாமல் தடத்தைப் பார்த்து வந்து நின்றார். அவர் முன்னால் இருந்த வேலி முழங்காலுக்குக்கூட எட்டவில்லை.

செருப்புச் சத்தம் வந்தது. அவர் இருப்பதைக் கண்டதும் மெதுவாகியது. நின்றது.

நாலு வருடம் கழித்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சென்னியப்பனுக்கு முந்தின இரவு சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கொட்டாங்குச்சியை நீட்டினார்.

“என்னுங்க இது?” என்றார் துளசிமணி.

“காலுக்கு. வெடிச்சிருக்குதே.”

துளசிமணி தன் காலைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அது தன் கால் என்று தெரிந்தது போல.

“அடுப்புப் பத்த வெக்க நேரமாச்சுங்க” என்றார். ஆனால் போகவில்லை. வாய்க்கால் மேட்டில் இருந்த கல்லில் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றினார்.

வேலியைத் தாண்ட ஓர் எட்டுதான். சென்னியப்பன் தாண்டிப் போய் எதிரில் உட்கார்ந்தார். பாதத்தைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, துண்டால் மண்ணைத் துடைத்தார். பிளவுகள் ஆழமாக இருந்தன. விழுதை விரலில் எடுத்து, வலிக்காமல் ஒவ்வொரு பிளவாக நிரப்பினார். தலை நிமிராமலே பேசினார்.

“ஒரு நாள் முன்னாடியே அவுத்துட்டேன் துளசி.”

எதிரே வாய்க்கால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

“நானும் மேலதான நின்னேன்” என்றார் துளசிமணி. “அவன் அவுக்கச் சொல்லிக் குதிச்சப்ப சிரிச்சுட்டு நின்னேன். இன்னொரு நாள் போகட்டும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துதுங்க. சொல்லல. பையன் ஆசையக் கெடுக்க வேண்டாம்னு உட்டுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டு உங்களப் பாக்கறது?”

சென்னியப்பனின் கை நின்றுவிட்டது. கண்ணீர் மூக்கு நுனியில் இறங்கி விழுதில் சொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பூசி முடித்தார். பிறகு வலது காலை எடுக்கக் கை நீட்டினார்.

துளசிமணி அந்தக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ரெண்டுலயும் பூசினா நான் எப்படி நடந்து போறது? அம்பது புள்ளைக சோத்துக்குக் காத்திருக்கும்.” எழுந்து, இடது குதிகால் தரையில் படாமல் செருப்பில் விரலை மட்டும் நுழைத்தார். “இந்தக் காலுக்குச் சாயந்திரம் வர்றப்பப் போட்டுக்கலாங்க. காய உட்டுராதீங்க.”

நொண்டி நொண்டிப் போனார். சென்னியப்பன் கொட்டாங்குச்சியின் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு தடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.